பட்டை படியும்வரை

கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், மீனாட்சிபுரம் என்று பாலக்காட்டு எல்லையோரமாக ஒரு சுற்று வந்தால் ஊருக்கு ஒருவர் நிச்சயம் அகப்படுவார். வீட்டுக்குப் பின்னால் தென்னந்தோப்பு, தோப்புக்குள் நீலத் தார்ப்பாய், தார்ப்பாய்க்குள் ஒரு பழைய வண்டி, வண்டிக்கு அடியில் இரண்டு கால்கள். நலம் விசாரிப்பதெல்லாம் அந்தக் கால்களிடம்தான். "ஏனுங், வேலை எப்ப முடியும்?" என்றால் பெருவிரல் ஒருதரம் ஆடும். "அவ்வளவுதானுங், சின்னச் சின்ன வேலைதான் பாக்கி" என்று அடியிலிருந்து குரல் வரும். எங்கள் ஊர்க்காரருக்கு இந்தச் சின்னச் சின்ன வேலை ஆறு வருஷம் பிடித்தது.

பெயர் சொன்னால் நாலு பேர் சண்டைக்கு வருவார்கள், ஆளாளுக்கு 'என்னைத்தானே எழுதியிருக்கிறாய்' என்று. நாலு பேரையும் சேர்த்துத்தான் எழுதுகிறேன். ஊர் கூப்பிடுகிற மாதிரி ஜீப்புக்காரர் என்றே வைத்துக்கொள்வோம். ஜீப் ஓடுவதற்கு ஐந்து வருஷம் முன்பே அந்தப் பெயர் ஓடத் தொடங்கிவிட்டது.

வண்டி, மஹிந்திரா சி.ஜே. 3பி. மூக்கு உயர்ந்த ரகம். இந்த ரகத்துக்கென்று வந்த ஹரிக்கேன் எஞ்சின் நெட்டை என்பதால் பானெட்டையும் தூக்கி வைத்துவிட்டார்கள். இடுக்கியில் ஏலத்தோட்டம் ஏலத்தோட்டமாக ஆளும் மூட்டையும் சுமந்து, பெட்ரோல் கட்டுப்படியாகாமல் டீசல் எஞ்சின் மாட்டப்பட்டு, கடைசியில் ஒரு மாட்டுக்கொட்டகைக்கு நாலாவது சுவராக நின்றுகொண்டிருந்தது. இவர் போய்ப் பழைய இரும்பு விலை கொடுத்து லாரியில் ஏற்றி வந்தார். 'வாங்கினேன்' என்று சொல்ல மாட்டார். 'மீட்டு வந்தேன்' என்பார், கொத்தடிமைகளை மீட்ட தாசில்தார் தோரணையில். "இனி இது மேல ஒரு ஆள், ஒரு மூட்டை ஏறக்கூடாதுங்" என்று அன்றைக்கே சபதம். ஆர்.சி. புத்தகத்தில் என்னவோ பெட்ரோல் என்றுதான் இருந்தது. டீசலுக்கு மாறியது ஆர்.டி.ஓ.வுக்குச் சொல்லாமல் நடந்த காதல் கல்யாணம். அதை ரத்துசெய்து, எங்கிருந்தாவது ஒரு பெட்ரோல் எஞ்சினைத் தேடிப்பிடித்து முறைப்படி முடிச்சுப் போட்டுவைப்பது என்று கிளம்பினார்.

வண்டி ஓடவில்லை என்றாலும் வண்டியின் வரலாறு நன்றாக ஓடும். மளிகைக் கடையில் அரைக்கிலோ துவரம்பருப்புக்கு நிற்கிறவரைப் பிடித்துக்கொண்டு ஆரம்பிப்பார். 1945-ல் லூதியானாவில் தொடங்கியபோது கம்பெனிக்கு 'மஹிந்திரா அண்ட் முகமது' என்று பெயர். பிரிவினை வந்தது. கூட்டாளி குலாம் முகமது பாகிஸ்தானுக்குப் போய் அந்த நாட்டின் முதல் நிதியமைச்சர் ஆகிவிட்டார். 1948-ல் பலகையை 'மஹிந்திரா அண்ட் மஹிந்திரா' என்று மாற்றினார்கள். "பாத்தீங்களா, ஒரு பார்ட் கிடைக்கலைன்னா இருக்கறதையே ரெண்டாப் போட்டு ஓட்டற புத்தி அப்பவே இருந்திருக்குதுங்!" என்று முடிப்பார். பருப்புக்காரர் பருப்பு வாங்காமலே போய்விடுவார்.

ஆறு வருஷமும் வண்டி சும்மா நின்றது என்று சொல்வது பாவம். கழற்றி வைத்த பானெட்டில் அவர் அம்மா கொப்பரை காயப்போட்டார். தகரம் சூடேறினால் பாயில் போடுவதைவிடச் சீக்கிரம் காய்கிறது என்று அக்கம்பக்கத்துக்கும் சிபாரிசு. டிரைவர் சீட்டில் ஒரு கோழி அடைகாத்து ஒன்பது குஞ்சு பொரித்தது. அந்த இருபத்தொரு நாளும் வேலை நிறுத்தம். கோழியை எழுப்ப மனசு வரவில்லை என்றார். எனக்கென்னவோ அந்த மூன்று வாரமும் அவர் முகத்தில் ஒரு தெளிச்சி இருந்ததாகத்தான் தோன்றியது.

ஞாயிற்றுக்கிழமை என்றால் உக்கடம். கோயமுத்தூர் பஸ்ஸில் மஞ்சப்பையோடு ஏறுவார். பைக்குள் மாதிரிக்காக உடைந்த டிஸ்டிரிபியூட்டர் மூடியோ, தேய்ந்த கிங் பின்னோ இருக்கும். பழைய இரும்புக் கடைகளில் குந்தி உட்கார்ந்து, மலைபோல் குவிந்த சாமான்களைக் குடைவார். கடைக்காரர்கள் இவரைத் தூரத்தில் பார்த்தே ஒரு சாமானை எடுத்துத் துடைத்து, விலை இரண்டு மடங்கு ஏறுகிற இடத்தில் வைத்துவிடுவார்களாம். "ஒரிஜினலா பாய்?" என்று கேட்பார். எந்தப் பாயாவது இல்லை என்பாரா? மாலையில் வீடு திரும்பினால் அம்மா, "தக்காளி எங்கடா?" என்பார். பையைக் கவிழ்த்தால் ஆயில் வழிகிற ஒரு கார்புரேட்டர் விழும். அதுவும் அம்பாசடருடையது என்று மறுநாள் தெரியவரும்.

அதைத் தெரியப்படுத்துகிறவர் ராவுத்தர். எழுபது வயது. பாலக்காட்டு ராவுத்தர்கள் தலைமுறை தலைமுறையாக வீட்டில் பேசுவது தமிழ்தான். இவர் எஞ்சினோடும் தமிழில்தான் பேசுவார். ஸ்குரூ டிரைவரின் நுனியை எஞ்சின்மேல் ஊன்றி, கைப்பிடியைக் காதில் வைத்துக் கேட்டுவிட்டு, "மூணாவது சிலிண்டர் பசிக்குதுன்னு சொல்லுது" என்பார். சரியாக இருக்கும். ஜீப்புக்காரர் புதுப் பட்டைகள் வாங்கி மாட்டியபோது (லீஃப் ஸ்பிரிங்கை எங்கள் பக்கம் பட்டை என்போம்) ராவுத்தர் கையால் அமுக்கிப் பார்த்தார். அசையவில்லை.

"முறுக்காக் கிடக்குது தம்பி. ஓட்டினா எலும்பெல்லாம் கழண்டுரும்."

"என்ன செய்யறதுங் மாமா? கிரீஸ் வெக்கட்டுமா?"

"பாரம் ஏத்து. பாரம் ஏறினாத்தான் பட்டை படியும்."

"அதுமட்டும் நடக்காதுங். இதுல ஆரும் ஏறக்கூடாது."

ராவுத்தர் பீடியைப் பற்றவைத்துக்கொண்டு போய்விட்டார்.

இனி ஜீப்புக்காரரின் உத்தியோகக் கதைக்கு வருகிறேன். அதுவும் இதே தார்ப்பாய்க்குள்தான் நடந்தது. கேரளத்தில் தமிழர் அதிகம் இருக்கிற பக்கங்களுக்கென்று தமிழும் மலையாளமும் தெரிந்த எல்.டி. கிளார்க் பதவி ஒன்று உண்டு. சிறுபான்மைத் தமிழர்கள் அரசாங்கத்துக்குத் தங்கள் பாஷையிலேயே எழுதிக்கொடுக்கலாம் என்று 1969-ம் வருஷத்து ஆட்சிமொழிச் சட்டமே சொல்கிறது. எழுதியதைப் படிக்க ஆபீஸில் ஆள் வேண்டாமா? இரண்டு பாஷையும் தெரிந்திருக்க வேண்டும் என்பது நிபந்தனை. எங்கள் ஊரில் இரண்டும் தெரியாமல் வளர்வதுதான் சிரமம். எது எந்த பாஷை என்று பிரித்துச் சொல்வது அதைவிடச் சிரமம்.

ஏதாவது ஒரு ஜில்லாவுக்குத்தான் விண்ணப்பம் போடலாம். எல்லாரும் சொந்த ஜில்லாவான பாலக்காட்டுக்குப் போட, இவர் இடுக்கிக்குப் போட்டார். கேட்டதற்கு, "அங்க போட்டி கம்மிங்" என்றார். அது வெளியே சொன்ன காரணம். நாலாயிரம் வளைவும் நானூறு மேடும் உள்ள ஜில்லா, தெருவுக்குத் தெரு ஜீப் ஸ்பேர் பார்ட் கடை உள்ள ஜில்லா வேறு எது?

படித்தார், இல்லையென்று சொல்ல முடியாது. பி.எஸ்.சி. (அரசுப் பணியாளர் தேர்வாணையம்) கைடில் ஒவ்வொரு பக்கத்திலும் கிரீஸ் ரேகை. கைரேகை நிபுணர் பார்த்தால் எந்தப் பாடத்தை எத்தனை தரம் புரட்டினார் என்று சொல்லிவிடுவார். நான் கேள்வி கேட்க, வண்டிக்கடியில் படுத்தபடியே பதில் சொல்வார். "கேரளத்தில் ஆறுகள்?" "நாப்பத்தி நாலு." "கிழக்கு நோக்கி ஓடுபவை?" "கபனி, பவானி, பாம்பாறு. அந்தப் பன்னிரண்டு நம்பர் ஸ்பேனரை எடுங்." ஆனைமுடி உயரம் கேட்டால் 2695 மீட்டர் என்பார், எஞ்சினின் கொள்ளளவு கேட்காமலே 2199 சி.சி. என்பார். பரீட்சையில் தப்பான விடைக்கு மூன்றில் ஒரு பங்கு மார்க் கழித்துக்கொள்வார்கள் என்பதைப் பற்றி அவருக்குப் பெரிய மரியாதை இருந்தது. "நம்ம உக்கடத்துல தப்பா வாங்கினா முழுசும் போகுதுங். கவர்மெண்டு எவ்வளவோ தேவல."

ரேங்க் லிஸ்டில் பெயர் வந்தது. வந்து, நின்றது. கேரளத்தில் ரேங்க் லிஸ்டுக்கு ஆயுள் மூன்று வருஷம் வரை. அதற்குள் 'அட்வைஸ்' வர வேண்டும். நியமனத்துக்குப் பரிந்துரைத்து பி.எஸ்.சி. அனுப்புகிற கடிதத்துக்கு அப்படித்தான் பெயர். வேடிக்கை என்னவென்றால் ஊரில் அவருக்கு அட்வைஸ் சொல்லாத ஆளே கிடையாது. கள்ளுக்கடையிலிருந்து கல்யாணவீடு வரை, ஜீப்பை எடைக்குப் போடு, துபாய் போ, தோப்பைக் குத்தகைக்கு விடு என்று அட்வைஸ் மழை. பி.எஸ்.சி. ஒன்றுதான் வாயைத் திறக்கவில்லை.

இதற்கிடையில் பெண்வீட்டார் வந்தார்கள், வண்ணாமடைப் பக்கமிருந்து. நானும் ஓரமாக உட்கார்ந்திருந்தேன்.

"மாப்பிள்ளைக்கு உத்தியோகமுங்?"

"லிஸ்டுல இருக்குதுங்" என்றார் அம்மா.

"வண்டி வாகனம்?"

"இருக்குதுங்" என்று இவர் முந்திக்கொண்டார். "எஞ்சின் ரீபோருக்குக் கோயமுத்தூர்ல இருக்குது. கியர் பாக்ஸ் பொள்ளாச்சியில. பாடி இங்க."

பெண்ணின் அப்பா கொஞ்சநேரம் யோசித்தார். "ஏ.சி. உண்டுங்களா?"

"உண்டுங். ஏ.சி. பம்ப்."

பெட்ரோலை உறிஞ்சிக் கார்புரேட்டருக்குத் தள்ளுகிற சாமானுக்கு மெக்கானிக்குகள் வைத்திருக்கிற பெயர் அது. விளக்கிச் சொன்னார். விளக்கமாகவே சொன்னார். பெண்வீட்டார் காபியை ஆறவிட்டுக் கிளம்பினார்கள்.

2021-ல் மத்திய அரசு ஒரு விதி கொண்டுவந்தது. முதல் பதிவிலிருந்து 50 வருஷம் தாண்டிய, மூல உருவம் மாறாத வண்டிக்கு 'விண்டேஜ்' அந்தஸ்து. நம்பர் பலகையில் 'வி.ஏ.' என்று தனி எழுத்து. புதிதாகப் பதிய 20,000 ரூபாய். ஆனால் அந்த அந்தஸ்து வந்துவிட்டால் சந்தைக்கும் ஆபீசுக்கும் தினம் ஓட்டக்கூடாது. கண்காட்சி, ஊர்வலம் என்று எப்போதாவது வெளியே வரலாம். பி.எஸ்.சி.யிலும் இதே மாதிரி ஒரு கணக்கு உண்டு: கிளார்க் வேலைக்குப் பொதுப்பிரிவில் வயசு 36 வரை, பிற்படுத்தப்பட்டோருக்கு 39. ஜீப்புக்கு அப்போது நாற்பத்தொன்பது, இவருக்கு முப்பத்தெட்டு. யார் முதலில் விண்டேஜ் ஆவார்கள் என்று வீட்டில் ஒரு கவலை ஓடிக்கொண்டிருந்தது.

ஒரு செவ்வாய்க்கிழமை தபால்காரர் தார்ப்பாய்க்கு முன்னால் வந்து நின்று, வழக்கப்படி கால்களிடம் சொன்னார்: "அட்வைஸ் வந்திருக்கு."

"இருக்கற அட்வைஸே போதுமுங்" என்றது குரல்.

"பி.எஸ்.சி. அட்வைஸ்!"

உள்ளே 'ணங்' என்று ஒரு சத்தம். தலை சேசிஸில் இடித்த சத்தம். நெற்றியில் புடைப்போடு வெளியே வந்து கையெழுத்துப் போட்டார். பேனாவைத் தபால்காரர் திரும்ப வாங்கிக்கொள்ளவில்லை, அவ்வளவு கிரீஸ். ரேங்க் லிஸ்டு காலாவதியாக இன்னும் கொஞ்சநாளே பாக்கி இருந்தது.

கொஞ்ச நாளில் நியமன உத்தரவும் வந்தது: நெடுங்கண்டத்தில் வேலை. உடும்பன்சோலைத் தாலுகாவின் தலைமையிடம். சேர வேண்டிய தேதியும் இருந்தது. ஆறு வருஷம் எந்தத் தேதிக்கும் கட்டுப்படாத மனிதர் அந்தத் தாளை வண்டியின் கண்ணாடிச் சட்டத்தில் ஒட்டிவைத்தார். "போனா ஜீப்புலதான் போவேனுங்" என்றார். மூன்று வாரம். டிங்கர், பெயிண்டர், எலக்ட்ரீஷியன் என்று தோப்பு கல்யாணவீடு மாதிரி ஆனது. பட்டி பார்த்துத் தேய்த்த தூள் தென்னை மட்டைகளிலெல்லாம் படிந்தது. கொப்பரையை அம்மா முதல்முறையாகப் பாயில் போட்டார். ராணுவப் பச்சை அடித்து முடித்ததும் ஊர் முழுக்க வந்து பார்த்தது. ஒருவர் செருப்பைக் கழற்றிவிட்டுக் கிட்டே வந்தார். யாரையும் தொடவிடவில்லை.

ஸ்டார்ட் பண்ணுகிற நாளில் செல்ஃப் எடுக்கவில்லை. முன்னாலிருந்து இரும்பு ஹாண்டிலைப் போட்டுச் சுற்ற வேண்டும். ராவுத்தர் கையைத் திருத்தி வைத்தார்: "கட்டைவிரலை மடக்காதே. நாலு விரலோடு சேர்த்து ஒரே பக்கமா வை. எஞ்சின் எதிர்த்து உதைச்சா விரல் போயிரும்." சுற்றினார். 'டமார்!' சைலன்சர் வழியாக ஒரு புகைக்குண்டு. தோப்பிலிருந்த காகமெல்லாம் தமிழ்நாட்டுக்குப் பறந்தன. மறுபடி சுற்றினார். மறுபடி டமார். ராவுத்தர் டிஸ்டிரிபியூட்டரிலிருந்து போகும் வயர்களை விரலால் பின்தொடர்ந்தார். ஒன்று, மூன்று, நான்கு, இரண்டு என்று நெருப்பு போக வேண்டிய எஞ்சின். ஆறு வருஷமாக அந்த 1-3-4-2-ஐ ராமஜெபம்போல் சொல்லிக்கொண்டிருந்தவர், உத்தியோகம் வந்த சந்தோஷத்தில் ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று சமத்தாக வரிசைப்படி மாட்டிவைத்திருந்தார்.

"இப்பவே கிளார்க் ஆயிட்டே தம்பி" என்றார் ராவுத்தர், வயரை மாற்றியபடி.

பிறகு சுற்றியதும் எடுத்தது. தையல் மிஷின் மாதிரி ஒரு சீரான சத்தம். யாரும் பேசவில்லை. அம்மா மட்டும், "அடேய், அணைச்சிராதே, மறுபடி வருமோ என்னமோ" என்றார்.

பாலக்காட்டு ஜில்லாவின் எங்கள் மூலையிலிருந்து கேரளத்திலேயே இருக்கிற மூணாறுக்குப் போக, தமிழ்நாட்டுக்குள் நுழைந்துதான் போக வேண்டும். பொள்ளாச்சி, உடுமலைப்பேட்டை, பிறகு சின்னாறு செக்போஸ்டில் மறுபடி கேரளம். சேர வேண்டிய தேதிக்கு முதல் நாள் விடிகாலை கிளம்பினார். துணைக்கு நானும். புதுப்பட்டையின் முறுக்கை அன்றுதான் உடம்பால் அறிந்தேன். ரோட்டில் கிடந்த தீக்குச்சியில் ஏறினாலும் முதுகெலும்பில் மணியடித்தது. பேசினால் நாக்கைக் கடித்துக்கொள்ள வேண்டியிருந்ததால் உடுமலைவரை மௌனம். மறையூர் மலை ஏறும்போது வண்டி திணறி நின்றது. வெக்கையில் பெட்ரோல் குழாயிலேயே ஆவியாகிவிட்டதாம். ஓடிப்போய்ப் பக்கத்து ஓடையில் துண்டை நனைத்து வந்து ஏ.சி. பம்பின்மேல் சுற்றினார், காய்ச்சல்காரக் குழந்தைக்குப் பற்றுப் போடுவதுபோல. "இந்தத் தண்ணியெல்லாம் பாம்பாத்துக்குத்தானுங் போகுது. கிழக்கே ஓடற மூணுல ஒண்ணு" என்றார். பி.எஸ்.சி.க்குப் படித்தது ஒருதரமாவது பயன்பட்டதைக் கண்ணால் கண்டேன்.

மூணாறு தாண்டி, தேவிகுளம் தாண்டி, கேப் ரோட்டில் மேகத்துக்குள் நுழைந்து, ஆனையிறங்கல் அணையை இருட்டில் கடந்து, பூப்பாறையில் ராத்தங்கல். மறுநாள்தான் சேர வேண்டும், முற்பகலில். முற்பகலில் சேர்ந்தால்தான் அன்றைய நாள் முழுசாகக் கணக்கில் வரும் என்று அதற்குள் விசாரித்துவைத்திருந்தார்.

காலையில் வெள்ளைச் சட்டை, புதுப் பேனா. வண்டியைத் துடைத்து டீக்கடை முன்னால் நிறுத்திவிட்டு டீ குடிக்க உள்ளே போனோம். எங்கள் ஊரில் இந்நேரம் பத்துப் பேர் சுற்றி நின்றிருப்பார்கள். இங்கே ஒரு நாய்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை. எந்தப் பக்கம் பார்த்தாலும் ஜீப், ஜீப்புக்குள் ஜனம், போடியிலிருந்து மலை ஏறி ஏலத்தோட்டங்களுக்குப் போகிற ஜனம். இவருக்கு முகம் கொஞ்சம் சுண்டியது.

டீ குடித்துவிட்டு வந்தால், வண்டியில் ஒன்பது பெண்கள். பின்னால் ஏழு, முன்னால் இரண்டு. மடியில் தூக்குவாளி, தோளில் சாக்கு, தலையில் துண்டு. மூத்தவள் ஒருத்தி வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு கேட்டாள்: "ஏப்பா, இம்புட்டு நேரமா? எங்க வண்டி போடிமெட்டுலயே நின்னு போச்சு. வேற வண்டி அனுப்புறேன்னு கங்காணி சொல்லி முக்கா மணி நேரமாச்சு."

"அம்மா, இது... இது ட்ரிப் வண்டி இல்லீங். இது ரெஸ்டோர் பண்ணின..."

"என்னவோ பண்ணு. சாந்தன்பாறையில இறக்கி விட்டுட்டுப் பண்ணு. நேரமாச்சுன்னா அரைக்கூலிம்பான்."

இவர் என்னைப் பார்த்தார். நான் வானத்தைப் பார்த்தேன். நெடுங்கண்டம் போகிற வழியில்தான் சாந்தன்பாறை. பொய் சொல்லவும் வழியில்லை. நான் பின்னால் படியில் தொற்றிக்கொண்டேன். வண்டி நகர்ந்தது. முதல் குழி வந்தது. பல்லைக் கடித்துக்கொண்டேன். ஒன்றும் நடக்கவில்லை. இரண்டாவது குழி. தொட்டில்போல ஒருதரம் அமுங்கி எழுந்தது, அவ்வளவுதான். முன்சீட்டுப் பெண் தூங்கியே போனாள். கண்ணாடியில் ஜீப்புக்காரரின் முகம் தெரிந்தது. அவமானமா ஆனந்தமா என்று அவருக்கே பிடிபடாத ஒரு முகம்.

இறங்கும்போது மூத்தவள் பானெட்டைத் தட்டிக்கொடுத்தாள். "நல்ல வண்டிப்பா, குலுக்கலே. நாளைக்கு ஏழரைக்கே வந்துரு." காலி வண்டி நெடுங்கண்டம் வரை மறுபடி என் முதுகில் மணியடித்தது. முற்பகலிலேயே சேர்ந்துவிட்டார்.

நான் ஊருக்குத் திரும்பி இரண்டு வாரம் கழித்து போன் செய்தார். உத்தியோகம் பரவாயில்லையாம், பூப்பாறையிலேயே ரூம் எடுத்துவிட்டாராம். "நெடுங்கண்டத்துல வேலை, பூப்பாறையில எதுக்குங் ரூம்?" என்றேன்.

கொஞ்சநேரம் பதில் இல்லை. பின்னணியில் பெண்களின் பேச்சுச் சத்தமும் தூக்குவாளிச் சத்தமும் கேட்டன.

"காசெல்லாம் வாங்கறதில்லீங். ட்ரிப்புன்னும் சொல்லிற முடியாது" என்றார். "ராவுத்தர் மாமாகிட்ட மட்டும் சொல்லீராதீங். பட்டை படியறவரைக்கும்தான். சின்னச் சின்ன வேலைதான் பாக்கி."